மழைக்காலத்தில் சமையலறைப் படிகங்கள்: உப்பு, சர்க்கரை, படிகாரம்

அடையாறுவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக வீட்டிலேயே படிகம் வளர்க்க விரும்புகிறாள். வீட்டில் இருக்கும் மளிகைச் சாமான்களைக் கொண்டே இதைச் செய்ய வேண்டும் என்பது அவள் வைத்திருக்கும் நிபந்தனை. ஐப்பசி தொடக்கத்தில், தூள் உப்பை இனிக் கரையாது என்னும் அளவுக்கு வெந்நீரில் கரைத்து, அகன்ற கண்ணாடித் தட்டில் ஊற்றிச் சமையலறை மேடையில் வைத்தோம். இப்போது கார்த்திகை வந்துவிட்டது. தட்டின் விளிம்பில் கிளைகிளையாக வெண்ணிறப் பொருக்கு ஏறியிருக்கிறதே தவிர, நடுவில் உப்புநீர் அப்படியே நிற்கிறது. மழை விடாமல் பெய்த நாட்களில் அதன் மட்டம் சற்று உயர்ந்தது போலவும் தோன்றியது. சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டும் பார்த்தோம். பாகு கெட்டியானது, நூலில் எதுவும் பிடிக்கவில்லை. பாகு தெளிவாக இருக்கட்டும் என்று அதில் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்திருந்தோம். காணொளிகளில் ஒரு வாரத்தில் நடப்பது எங்கள் வீட்டில் ஏன் நடக்கவில்லை என்று அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஆய்வக மேசை எழுதியது:

வணக்கம் அம்மா. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் உப்புநீரின் மட்டம் உயர்ந்தது வெறும் தோற்றமாக இருக்க வேண்டியதில்லை, அது உண்மையாகவே நடக்கக்கூடியது.

தெவிட்டிய உப்புக் கரைசலை, அதாவது இனி உப்பு கரையாது என்னும் நிலையிலுள்ள கரைசலை, மூடிய பெட்டிக்குள் வைத்தால், அதன் மேலுள்ள காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். ஈரப்பதமானிகளைச் சரிபார்ப்பதற்கே இந்தப் பண்பைப் பயன்படுத்துகிறார்கள். அறைக்காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் கரைசலிலிருந்து நீர் ஆவியாகி உப்பு படியும். அதற்கு மேலே இருந்தால் கரைசல் காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் ஈரப்பதம் 80, 90 என்று நிற்கும்போது, தட்டை எத்தனை வாரம் வைத்திருந்தாலும் படிகம் வராது. நீங்கள் பார்த்த காணொளிகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளில், சூடேற்றப்பட்ட வறண்ட அறைகளில் எடுக்கப்பட்டவையாக இருக்கும்.

சரி, உப்புநீரைச் சூடாக்கி ஆறவிட்டால் படிகம் வராதா என்று நீங்கள் கேட்கலாம். வராது என்றே சொல்ல வேண்டும். 100 கிராம் நீரில் 0 டிகிரியில் ஏறத்தாழ 35.7 கிராம் உப்பு கரையும்; கொதிநிலையில்கூட 39 கிராம்தான் கரையும். கொதிக்கும் கரைசலை அறைவெப்பத்துக்கு ஆறவிட்டால் 100 கிராம் நீருக்கு 3 கிராம் அளவுக்கே உப்பு வெளியேறும், அதுவும் பொடியாக வந்து அடியில் தங்கும். ஆகவே உப்புக்கு ஆவியாதல் ஒன்றே வழி. சர்க்கரையின் கதை முற்றிலும் வேறு. 100 கிராம் நீரில் 20 டிகிரியில் 200 கிராம் அளவுக்குக் கரைகிற சர்க்கரை, 100 டிகிரியில் 480 கிராமுக்கு மேல் கரையும் என்பதால், ஆறவிடுவதாலேயே அதைப் படியவைக்க முடியும். எந்தப் பொருளுக்கு எந்த வழி என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால், பாதி வேலை முடிந்தது.

மழை நாளிலும் உப்பைப் படியவைக்க ஒரு வழி இருக்கிறது. 27 டிகிரியில் 85 விழுக்காடு ஈரப்பதத்துடன் இருக்கும் காற்றை, அதில் புதிதாக நீராவி சேராமல் 35 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 54 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். மேசை விளக்கின் கீழோ, வெதுவெதுப்பான காற்று வரும் வேறு இடத்திலோ தட்டை வையுங்கள். குளிர்சாதன வசதியுள்ள அறை இருந்தால் அதுவும் போதும், அங்கே காற்று வறண்டுதான் இருக்கும். மின்கம்பிகளுக்கு அருகில் மட்டும் உப்புநீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்பளக்கரை எழுதியது:

ஐயா சொன்னதை எங்கள் ஊர் அனுபவமும் உறுதிப்படுத்துகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் தை, மாசியில் வேலை தொடங்கினால் புரட்டாசி வரை ஓடும். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்திகள் ஓய்ந்துவிடும். தலைமுறை தலைமுறையாக உப்பு எடுப்பவர்களே கைவிடுகிற மாதத்தில்தான், அக்கா, நீங்கள் தட்டை வைத்திருக்கிறீர்கள்.

நான் சொல்ல வந்தது உப்பைப் பற்றி. பொட்டலத்தில் வரும் தூள் உப்பை விட்டுவிட்டுக் கல்லுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தூள் உப்பு கட்டிப்படாமல் இருப்பதற்காகச் சில பொருட்களைச் சேர்க்கிறார்கள். பொட்டல உறையில் 551 என்றோ 536 என்றோ எண் இருக்கிறதா என்று பாருங்கள். 551 என்பது சிலிக்கா, அது நீரில் கரையாமல் கரைசலைக் கலங்கலாக்கும். 536 என்பது பொட்டாசியம் பெரோசயனைடு. உணவுக்கு அனுமதிக்கப்பட்ட மிகச் சிறிய அளவில்தான் அது இருக்கிறது என்றாலும், அந்த அளவே உப்பு படிகிற முறையை மாற்றிவிடும். கனசதுரம் வளர வேண்டிய இடத்தில் கிளைவிட்டுப் பாத்திரத்தின் சுவரில் ஏறும். உங்கள் தட்டின் விளிம்பில் கிளைகிளையாக ஏறியது அதனால் இருக்கலாம்.

கல்லுப்பிலும் குறை உண்டு. கடல்நீர் சுண்டும்போது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பொருட்கள் படியும்: முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும், பிறகு உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 25 டிகிரியை ஒட்டி உப்பு, அதற்கும் பிறகு கசப்பான மக்னீசிய உப்புகள். 29, 30 டிகிரி வந்ததும் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லையென்றால் உப்பு கெட்டுவிடும். அப்படி வெளியேற்றிய பின்னும் கல்லுப்பின் மேல் சிறிது மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியின் அடியில் நீர் கசிந்து நிற்பதற்கு அதுவே முக்கியக் காரணம், ஏனென்றால் அது 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே கல்லுப்பைக் கரைப்பதற்கு முன், ஏற்கெனவே தயாரித்த தெவிட்டிய உப்புநீரில் அலசி எடுங்கள். உப்பு கரையாது, மேலே ஒட்டியிருக்கும் மக்னீசியம் போய்விடும். பிறகு புது நீரில் கரைத்து, அடர்த்தியான பருத்தித் துணியை மடித்து வடிகட்டி, ஓரிரவு அசையாமல் வைத்துத் தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

தட்டை வைத்த பிறகு கலக்கவோ நகர்த்தவோ கூடாது. பாத்தியில் நீர் அசையாமல் கிடந்தால் உப்பு பருமனாக விளையும், அடிக்கடி கிளறிவிட்டால் பொடியாகும். வீட்டுத் தட்டிலும் அதே கணக்குதான்.

பாகுபதம் எழுதியது:

சர்க்கரையைப் பற்றி நான் மாறுபட்ட கருத்தைச் சொல்ல வேண்டும். பாகில் எலுமிச்சைச் சாறு சேர்த்ததைக் குறையாகச் சொல்ல முடியாது. ஜிலேபிக்கும் குலாப் ஜாமூனுக்கும் பாகு காய்ச்சுகிற ஒவ்வொருவரும் செய்வதுதான் அது. எலுமிச்சை இல்லாத பாகு மறுநாளே பூத்துப்போகும். ஆகவே பாகின் பதம் எட்டாததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பனைநிழல் எழுதியது:

நண்பர் பாகுபதம் சொன்னதிலேயே விடை இருக்கிறது. எலுமிச்சை சேர்த்தால் பாகு பூக்காது. பூப்பது என்பது சர்க்கரை மீண்டும் படிகமாவதுதான். பலகாரத்துக்கு எது வேண்டாமோ, அதுதான் இந்தச் சிறுமிக்கு வேண்டும். புளிப்பும் சூடும் சேரும்போது சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரிந்துவிடுகிறது. அவை இரண்டும் கலந்து நின்றால், சர்க்கரை மூலக்கூறுகள் ஒழுங்காக ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாமல் தடைபடுகின்றன.

இதற்கு நேரெதிரான வழியில்தான் பனங்கற்கண்டு உருவாகிறது. திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்தில் பனை ஏறுபவர்கள், பாளையிலிருந்து சொட்டும் நீர் புளித்துக் கள்ளாகிவிடக் கூடாது என்பதற்காகக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தச் சுண்ணாம்பு நொதித்தலைத் தடுப்பதோடு, புளிப்பு ஏறாமல் காத்துச் சர்க்கரையையும் உடையாமல் வைத்திருக்கிறது. அப்படி இறக்கிய பதநீரில் மிகுதியாக உள்ள சுண்ணாம்பை நீக்கி, பாகாகக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரங்களில் ஊற்றி, அசைக்காமல் வாரக்கணக்கில் வைத்துவிடுவார்கள். பிறகு நூலிலும் பாத்திரத்தின் சுவரிலும் படிந்த கற்கண்டை எடுத்துக்கொண்டு, எஞ்சிய பாகை வடித்துவிடுவார்கள். கடையில் விற்கும் கற்கண்டில் சில கட்டிகளின் நடுவே நூல் இருப்பதை உங்கள் மகள் பார்த்திருப்பாள்; அது படிகம் பிடித்து வளர்ந்த இடம்.

வீட்டில் செய்வதானால் ஒரு பங்கு நீருக்கு எடையில் மூன்று பங்கு வெள்ளைச் சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை முழுவதும் கரைந்து பாகு கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்கிவிட வேண்டும்; மேலும் மேலும் காய்ச்சினால் கெட்டிப்பாகாகி, அதற்குள் எதுவும் நகர முடியாத நிலை வந்துவிடும். பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துகள்களை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அவையெல்லாம் பாகில் விழுந்து ஆளுக்கொரு படிகமாக வளரத் தொடங்கும். நூலை முன்கூட்டியே பாகில் நனைத்து, சர்க்கரையில் புரட்டி, நன்றாக உலரவிட்டுப் பாகு ஆறிய பிறகே இறக்க வேண்டும். சூடான பாகில் இறக்கினால் ஒட்டிய துகள்கள் கரைந்துபோகும், வெறும் நூல்தான் மிஞ்சும். கொதிக்கும் பாகு நீரைவிடச் சூடு கூடியது, தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுட்டுவிடும் என்பதால், காய்ச்சும் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள்.

பாகுபதம் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. பாகு பூப்பதும் கற்கண்டு விளைவதும் ஒரே நிகழ்வு என்பதை இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன். இந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

கொங்குச் சாரல் எழுதியது:

கண்காட்சி என்றால் பார்ப்பவர் கண்ணைக் கவர வேண்டாமா? மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கிக் கரைத்தால், ஆழ்ந்த நீலத்தில் அழகான படிகம் எளிதாக வந்துவிடும். இல்லையென்றால் வெங்காரத்தை (போராக்ஸ்) கரைத்துப் பனித்துகள் வடிவம் செய்யலாம். அதுவும் வேண்டாம் என்றால் உப்பிலேயே கேசரிப் பவுடரைக் கலந்துவிடலாமே.

ஆய்வக மேசை எழுதியது:

மயில்துத்தத்தை இந்த வீட்டுக்குப் பரிந்துரைக்க என்னால் முடியாது. அதன் நிறம் அழகுதான், படிகமும் நன்றாக வளரும். ஆனால் அது நஞ்சு. விழுங்கினால் வயிற்றையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். சமைக்கிற மேடையில், குடிக்கிற டம்ளர்களுக்கு நடுவில், நீலநிறத் தண்ணீரை வாரக்கணக்கில் வைத்திருப்பதை எந்தப் பாதுகாப்பு விதியாலும் நியாயப்படுத்த முடியாது. வெங்காரத்தையும் குழந்தைகள் கையாளாமல் இருப்பதே நல்லது. அந்தச் சிறுமி வைத்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, நாம் அதைக் காப்பாற்றுவோம்.

நிறம் சேர்ப்பதைப் பொறுத்தவரை, வளரும் படிகம் தன் அமைப்போடு பொருந்தாத மூலக்கூறுகளைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். கேசரிப் பவுடர் கலந்த நீரில் மெதுவாக வளரும் உப்பு ஏறத்தாழ நிறமற்றே இருக்கும், சுற்றியுள்ள நீர் மட்டும் சிவந்து நிற்கும். இதைக் குறையாக எண்ணாமல் கண்காட்சியில் தனியாகவே வைக்கலாம், ஏனென்றால் வேதியியலில் ஒரு பொருளைத் தூய்மையாக்கப் படிகமாக்கலைப் பயன்படுத்துவது இந்தப் பண்பை நம்பித்தான்.

அழகு வேண்டுமென்றால் படிகாரம் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைக்கும். பல வீடுகளில் கலங்கிய நீரைத் தெளியவைக்க இன்றும் வைத்திருப்பார்கள். குடிநீர் நிலையங்களில் மூட்டையாக வரும் ஆலம் பெரும்பாலும் அலுமினியம் சல்பேட், அது இதற்கு உதவாது. படிகாரம் 100 மில்லி நீரில் 20 டிகிரியில் 14 கிராம் அளவிலும், 50 டிகிரியில் 37 கிராம் அளவிலும் கரையும். இந்தப் பெரிய வேறுபாடு காரணமாக ஆறவிட்டாலே படியும். மழைக்கால ஈரப்பதம் அதை உப்பைப் போலத் தடுப்பதில்லை.

கட்டியைப் பொடித்து, 100 மில்லி வெந்நீருக்கு 25 கிராம் வீதம் கண்ணாடிப் பாத்திரத்தில் கரைத்து வடிகட்டி, மேலே தாளை மூடி ஓரிரவு வைத்துவிடுங்கள். அடியில் சிறு படிகங்கள் கிடக்கும். அவற்றில் விளிம்பு உடையாத, தெளிந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கைக்கண்ணாடியில் பார்த்தால், தட்டையான முக்கோண முகங்களும் கூரிய முனைகளும் தெரியும். அடியில் படுத்து வளர்ந்தவை ஒரு பக்கம் சப்பையாக இருக்கும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். தேர்ந்தெடுத்த அந்தத் தெளிந்த படிகமே, மேலும் வளர்க்கப்போகும் உங்கள் வித்துப் படிகம். பருத்தி நூலில் நார்கள் இருப்பதால் நூல் முழுவதும் படிகம் பிடிக்கும். மெல்லிய நைலான் நூலால் சுருக்கிட்டுக் கட்டி, தெளிந்த கரைசலை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அதன் நடுவில் தொங்கவிடுங்கள்.

தொங்கவிட்டதும் உடனே போய்விடாதீர்கள். பாத்திரத்தை விளக்கொளிக்கு எதிரே வைத்து வித்தைச் சுற்றிக் கூர்ந்து பாருங்கள். வித்திலிருந்து மெல்லிய கண்ணாடி இழை கீழ்நோக்கி இறங்கினால் அது கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள், ஏனென்றால் கரைந்த படிகாரத்தால் அடர்த்தி கூடிய நீர் கீழே இறங்குகிறது; உடனே வித்தை வெளியே எடுத்து, இன்னும் சிறிது படிகாரத்தைக் கரைத்து ஆறவிட்டுப் பிறகு இறக்குங்கள். இழை மேல்நோக்கி எழுந்தால் வித்து வளர்கிறது: தன்னிடமிருந்த படிகாரத்தைக் கொடுத்து இலேசான நீர் மேலே ஏறுகிறது. இந்தக் காட்சியை ஒரு முறை கண்ட மாணவர் எவரும் மறந்ததில்லை.

அடையாறுவாசி எழுதியது:

ஐயா, அந்த இழையை நாங்கள் பார்த்துவிட்டோம். என் மகள் பாத்திரத்தை விட்டு நகரவே மறுத்தாள். எங்களுக்கு முதலில் கீழ்நோக்கியே இறங்கியது. நீங்கள் சொன்னபடி படிகாரம் சேர்த்த பிறகு மேல்நோக்கி மாறிற்று. படிகம் இப்போது நன்றாக வளர்கிறது, ஆனால் இரண்டு ஐயங்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் நாட்களில் பிற்பகலில் பார்த்தால் அதன் கூர்விளிம்புகள் மழுங்கித் தெரிகின்றன. கல்லுப்பில் வளர்ந்தவை மட்டும் சதுரமாக இருப்பது ஏன் என்றும் அவள் கேட்கிறாள்.

ஆய்வக மேசை எழுதியது:

விளிம்பு மழுங்குவது பகல் வெப்பத்தால். அறை இரண்டு மூன்று டிகிரி சூடானாலே கரைதிறன் கூடி, வெளியே படிந்ததில் ஒரு பகுதி மீண்டும் கரையும். பாத்திரத்தைப் பெரிய வாளியில் நிரப்பிய நீருக்குள் இறக்கி வையுங்கள், அல்லது தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். வெப்பநிலை விரைவாக மாறாது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். திடீரென்று குளிர்ந்தால் புதிதாக நூறு படிகங்கள் தோன்றி, உங்கள் ஒற்றைப் படிகத்தின் உணவைப் பறித்துக்கொள்ளும்.

வரிசை அடுக்கு எழுதியது:

இயற்பியல் முதுகலை மாணவன் நான். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல அனுமதியுங்கள். உப்பில் சோடியமும் குளோரினும் மின்னேற்றம் பெற்ற அயனிகளாக ஒன்றுவிட்டு ஒன்றாக, நீளம், அகலம், உயரம் என மூன்று திசையிலும் செங்கோணத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரின்கள் சூழ்ந்திருக்கும், ஒவ்வொரு குளோரினையும் ஆறு சோடியங்கள் சூழ்ந்திருக்கும். வெளியே தெரியும் கனசதுரம் அந்த உள்ளடுக்கின் விளைவு. 1913இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இந்த அடுக்கைக் கண்டறிந்தவர்கள் வில்லியம் ஹென்றி பிராக்கும் அவருடைய மகன் லாரன்ஸ் பிராக்கும். 1915இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தபோது மகனுக்கு வயது 25. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி அமைப்பை 1950களில் கண்டறிந்ததும் எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையோடுதான். உங்கள் அடையாற்றிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் தொலைவில்லை.

கண்காட்சிக்கு ஒரு வேண்டுகோள். படிகத்தை மட்டும் வைக்காமல், ஒரு கோணமானியையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். 1669இல் நிக்கோலஸ் ஸ்டீனோ குவார்ட்ஸ் படிகங்களை ஆராய்ந்து, முகங்கள் பெரிதாகவோ சிறிதாகவோ கோணலாகவோ இருந்தாலும் அவற்றுக்கு இடையேயான கோணம் மாறாது என்று காட்டினார். எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகி வடிவப் படிகாரத்தில் ஒரு விளிம்பில் சந்திக்கும் இரு முகங்களுக்கு இடையேயான கோணம் ஏறத்தாழ 109.5 டிகிரி. கெட்டி அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டி, சப்பையாக வளர்ந்தவை உட்பட எல்லாப் படிகங்களிலும் பொருத்திப் பார்க்கலாம். ஆகவே ஐயா ஒதுக்கச் சொன்ன சப்பைப் படிகங்களையும் எறிய வேண்டாம், அவைதான் இந்தச் சோதனைக்கு நல்ல சான்றுகள்.

ஆய்வக மேசை எழுதியது:

மிக நல்ல யோசனை, தம்பி. அழகான ஒன்றைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், பார்க்க வருபவர் கையிலேயே அட்டையைக் கொடுத்து அளக்கச் சொன்னால், அந்த மேசை உண்மையான அறிவியல் மேசையாகும். வித்துக்கு மட்டும் சப்பையானதைப் பயன்படுத்த வேண்டாம். அளப்பதற்கு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம்.

அடையாறுவாசி எழுதியது:

அப்படியே செய்கிறோம். கல்லுப்பை உப்புநீரில் அலசி, விளக்கின் கீழ் வைத்த தட்டிலும் சிறு கனசதுரங்கள் விளைந்துவிட்டன. சிலவற்றின் நடுவில் படிப்படியாகக் குழி இறங்கியிருக்கிறது. கண்காட்சி வரை இவை கெடாமல் எப்படி வைத்திருப்பது?

உப்பளக்கரை எழுதியது:

குழி விழுந்தவை நீரின் மேற்பரப்பில் மிதந்தபடி விரைந்து வளர்ந்தவையாக இருக்கும், அக்கா. நடுப்பகுதியைவிட விளிம்புகளுக்கு உப்பு முதலில் கிடைத்துவிடுவதால், விளிம்பு முந்திக்கொண்டு உயரும். விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்து ஆவியாவதை மெதுவாக்கினால், அடுத்தவை நிறைந்த கனசதுரமாக வரும். குழி விழுந்தவற்றையும் காட்சிக்கு வையுங்கள். எடுத்தவுடன் குழாய்நீரில் கழுவாமல், மெல்லிய தாளால் ஒற்றி, மருந்துக் குப்பிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடிய டப்பாவில் போட்டுவையுங்கள்.

ஆய்வக மேசை எழுதியது:

படிகாரத்துக்கு அந்தச் சிலிக்கா ஜெல் ஆகாது. ஒவ்வொரு படிகார அலகும் பன்னிரண்டு நீர் மூலக்கூறுகளைத் தன் அமைப்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. மிக வறண்ட காற்றில் அந்த நீர் வெளியேறி, மேற்பரப்பு வெண்மையாக மங்கிவிடும். வெயிலிலும் விளக்கின் அடியிலும் வைக்காதீர்கள், 92 டிகிரியை ஒட்டிய சூட்டில் அது தன் நீரிலேயே உருகிவிடும். துடைத்து உலர்த்தி, நிறமற்ற நகப்பூச்சை மெல்லிய படலமாக ஒரு முறை பூசி, தனி டப்பாவில் பஞ்சின்மேல் வைத்து மூடிவிடுங்கள். கோணம் அளப்பதற்கான படிகங்களுக்குப் பூச்சு வேண்டாம், ஏனென்றால் பூச்சு விளிம்புகளில் தடித்து நின்றால் அட்டை சரியாகப் பொருந்தாது. கற்கண்டைத் தவிர வேறு எதையும் பார்வையாளர் வாயில் போடக் கூடாது என்ற அறிவிப்பைப் பெரிய எழுத்தில் மேசைமேல் ஒட்டச் சொல்லுங்கள்.